அண்ணனுக்குக் கைதட்டிய முயல்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் நம் தங்கச் சுரங்கத்தின் கதை எளிதாகப் புரிய ஓர் ஆப் செய்திருக்கிறார்களாம். இன்று ஆண்டர்சன்பேட்டையில் அறிமுக விழா.

சோதித்துப் பார்க்க என் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. ஷேவ் செய்து, இஸ்திரிச் சட்டையில் வந்தார்.

சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் படத்தைத் தொட்டார். ஹெல்மெட் போட்ட முயல் ஒன்று திரையில் குதித்து, "சபாஷ், குட்டிச் செல்லம்!" என்று கைதட்டியது. எதைத் தொட்டாலும் அதே சபாஷ்தான்.

ஆப் செய்த பெங்களூர்க்காரர் என்னிடம், "அவருக்குப் புரியுதான்னு கேளுங்க" என்றார்.

"இன்னா சார், பக்கத்துலதானே நிக்கிறாரு. அவரையே கேளுங்க."

அதற்குள் டேப்லெட் ஹேங் ஆகிவிட்டது. மனிதர் வியர்த்து வழிய அதைச் சரிசெய்தார்.

அண்ணன் அவரைப் பார்த்துக் கைதட்டினார். அச்சு அசல் முயல் குரலில், "சபாஷ், குட்டிச் செல்லம்!"

பெங்களூர்க்காரருக்குப் புரிந்ததா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.