கவ்ரில் ஒளித்து வைத்த தண்ணீர்

தண்ணீர்த் துளையைக் காப்பதில் கவ்ரிலை மிஞ்ச எங்கள் சாக்கா ஜனங்களில் ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, அவனே சொல்வான். சைபீரியக் குளிரில் ஏரி இறுகிக் கிடக்கும். மாடுகளுக்காக அதில் வெட்டிய துளை மூடிக்கொள்ளாமல் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கவ்ரில் சாணத்தை வட்டமாகத் தட்டி உறையவைத்து மூடி போடுவான். மேலே காய்ந்த புல், அதற்கும் மேலே பனி. மூடியைத் தூக்கினால் அடியில் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும்.

அவனுடைய ஆறு பசுக்களும் அந்தத் துளையைப் பார்த்ததே இல்லை. செல்லங்களைக் குளிரில் நடக்கவிடுவானா? பீப்பாயில் மொண்டு, சறுக்குவண்டியில் இழுத்துப் போய்த் தொழுவத்திலேயே காட்டுவான். பக்கத்து வீட்டு மாவ்ராவிடம் இருப்பது ஒரே பசு, வெள்ளைமூஞ்சி. அதுதான் மடிக்கு முயல்தோல் உறை கட்டிக்கொண்டு தினமும் முன்னால் நடந்து வந்து அங்கே குடிக்கும். பின்னாலேயே வந்து மூடியைத் திறந்து மூடுவது மாவ்ரா.

"வெட்டினவன் நான், குடிக்கிறது அவ மாடா?" என்று பொருமிக்கொண்டே இருந்தவன், ஒருநாள் அடையாளத்துக்கு நட்ட கம்பைப் பிடுங்கி எறிந்தான். சுற்றியிருந்த தடத்தையும் துடைப்பத்தால் பெருக்கினான். மாவ்ரா பனிக்கட்டியை அடுப்பில் உருக்கிப் பசுவுக்கு வைத்தாள்.

மறுநாள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஓய்ந்தபோது ஏரி எது, கரை எது என்று தெரியவில்லை. கவ்ரில் கடப்பாறையோடு இறங்கினான். இங்கே குத்தினான், அங்கே குத்தினான். எல்லா இடத்திலும் அடிச்சேறு வரை உறைந்திருந்தது. ஆழமான இடம் அந்த ஒன்றுதான். எங்கள் துளையோ அடுத்த ஏரியில். நடுவில் குதிரையே இறங்காத பனி. அவனும் பனிக்கட்டியை உருக்கிப் பார்த்தான். ஆறு வாய்க்கு அது எந்த மூலைக்கு? எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தாகத்தில் அவனுடைய சினைப்பசு கத்திய கத்தலைக் கேட்டதும் அது நின்றுபோனது.

கடைசியில் மாவ்ரா வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அக்கா, துளை எங்கன்னு காட்டேன். சினைமாடு செத்துடும்போல இருக்கு."

"எனக்கு என்னடா தெரியும்? மாடு முன்னால போகும், நான் பின்னால போவேன். அதையே கேளு."

"விளையாடாத அக்கா."

"ஒளிச்சு வெச்சு விளையாடினது யாரு?"

சொன்னாளே தவிர, அப்போதே மடியுறையைக் கட்டிப் பசுவை அவிழ்த்துவிட்டாள். வெள்ளைமூஞ்சி நேராக ஏரிக்குள் நடந்தது. ஓரிடத்தில் நின்று பனியை மூக்கால் தள்ளியது. கவ்ரில் மண்டிபோட்டுத் தோண்டினான். சாணமூடி தட்டுப்பட்டது.

அவசரமாக வாளியை விடப்போனவன் கையை மாவ்ரா பிடித்தாள். "முதல்ல இவ குடிக்கட்டும்."

வெள்ளைமூஞ்சி குடித்தது. தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. மறுபடி குடித்தது. மீசையெல்லாம் உறைபனியோடு கவ்ரில் வெறும் வாளியைப் பிடித்தபடி நின்றான்.

சினைப்பசு பிழைத்தது. இப்போது அந்த இடத்தில் ஆள் உயரக் கம்பு நிற்கிறது, உச்சியில் சிவப்புத் துணியோடு. நட்டது கவ்ரில்தான். மாவ்ராவுக்காக இல்லையாம். அதையும் அவனே சொன்னான், வெள்ளைமூஞ்சி குடித்து முடிக்கும்வரை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு.