அஷ்டமியில் மாற்றாத நம்பர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் காதர் பாய் போன் செய்தார்.

"அண்ணே, இன்னைக்கு அஷ்டமியாம்ல. நம்ம வெப்சைட்டுல ஒரு பேரு சேர்க்கணும். சேர்க்கட்டுமா, ரெண்டு நாள் போகட்டுமா?"

பாய் என்னிடம் நாள் கேட்கிறார். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்... சொல்லாமல் இருந்தது போதும்.

காதர் பாய்க்கு வாட்ச் ரிப்பேர் கடை. அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறார். யாராவது கூப்பிட்டால் போதும், கையிலிருக்கும் வாட்சை அப்படியே வைத்துவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அதற்கு வெப்சைட் செய்து கொடுத்தது நான். பிளஸ் டூவோடு நின்றவன், கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க் கற்றுக்கொண்ட தொழில் இது.

சில வருஷம் முன்பு வரை கஸ்டமர் சைட்டில் ஒரு எழுத்து மாறவேண்டும் என்றாலும் என்னிடம்தான் வரணும். நான்தான் திருத்தி ஏற்றணும். எனக்கோ ஒரு வழக்கம். அஷ்டமி, நவமியில் எதையும் ஏற்ற மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பாய் கடையை வேறு தெருவுக்கு மாற்றினார். போன் நம்பரும் மாறியது. புது நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு அஷ்டமி பாய், நாளைக்கு நவமி. நாளான்னைக்கு முத வேலையா போட்டுர்றேன்."

"ஒரு நம்பருதானண்ணே?"

"நல்ல காரியம். நல்ல நாள்ல போடுவோம்."

சிரித்தார். "பிறை பாக்காம நோன்பு வைக்காதவன் நான். உங்களச் சொல்ல என்ன இருக்கு? சரி, வாரேன்."

மறுநாள், எழுமலை ஊர்க்காரர் செல்வம் என்பவரின் மனைவிக்கு மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. லேசில் கிடைக்காத குரூப். எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் எங்கள் சைட்டைக் காட்டியிருக்கிறார்கள். செல்வம் அதிலிருந்த நம்பரைத் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறார். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை'... பழைய விலாசத்துக்கு ஓடி, அங்கே விசாரித்து, பாயைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம்.

தாய் பிழைத்தார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தாலா? பாய் டாக்டரிடம் கேட்டாராம். "சொல்ல முடியாது" என்றாராம். இல்லை என்று சொல்லியிருக்கக்கூடாதா?

பாய் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. "நானும்தானண்ணே சரின்னேன்" என்றார். வைதிருந்தால் தேவலை. அன்று மீனாட்சி சன்னதியில் நின்றேன். அவளைப் பார்த்து என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பழைய முறையை விட்டேன். புது சாஃப்ட்வேர் — பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், கஸ்டமரே மாற்றிக்கொள்ளலாம். டைப் அடிக்கத் தெரிந்தால் போதும். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மண்டலம் பிடித்தது.

"சாவியைக் குடுத்துட்டா அப்புறம் ஒன்ன யாரு மாப்ள தேடுவா?" என்றார் இதே தொழிலில் இருக்கும் நண்பர்.

தேட வேண்டாம். தேடி வந்தவரைக் காக்க வைத்தது போதாதா?

முதல் பாஸ்வேர்டு பாய்க்கு.

அப்படி இருந்தும், போன வாரம் எனக்காக நாள் பார்த்துக் கேட்கிறார் மனுஷன்.

"யார் பேரு பாய்?"

"எழுமலை செல்வம்ணே. தானும் ரத்தம் குடுக்கணும்னு பஸ்ஸேறி வந்து உக்காந்திருக்காரு."

"இப்பவே சேத்துருங்க. அவரை அங்கயே இருக்கச் சொல்லுங்க, வாரேன். அவர்ட்ட ஒண்ணு சொல்லணும்."

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். செல்வம் பட்டியலில் புதிதாக ஏறியிருந்த தன் பேரைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப நம்பர் மாத்துனா உடனே தெரிஞ்சிரும்லண்ணே?"

"தெரிஞ்சிரும்."

இன்றும் நாள் பார்க்கிறேன் — என் காரியத்துக்கு மட்டும்.