மாமியின் மரண அறிவித்தல்

எங்கள் சங்கத்தில் சேர்வதற்குப் பணமோ படிப்போ தேவையில்லை. அம்மம்மாவின் தாய் எங்கள் ஊரில் பிறந்தவளாக இருந்தால் போதும். ஊருக்கு மருமகளாக வந்தவர்களுக்கு இடமில்லை. மகனின் பிள்ளைகளுக்கும் இல்லை. தாய்வழி மட்டும்தான். பிரான்சில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஊருக்கொரு சங்கம் இருக்கிறது, எல்லாவற்றிலும் ஆண்கள் தலைவர் பதவிக்கு அடிபட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்கள் நாங்கள் தனியாக ஒன்றை நடத்துகிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. நாங்களும் அடிபட்டோம் என்பது வேறு கதை.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் உள்ள மண்டபம் ஞாயிறு பின்னேரங்களில் எங்களுடையது. பிள்ளைகளுக்கு ஊரின் வரலாறு சொல்லிக் கொடுப்போம். அவர்கள் தமிழில் கேட்டுவிட்டுப் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள். பாட்டுப் பாடியதும் தலைவி எழுந்து, மண்ணை மறந்தவள் தாயை மறந்தவள் என்ற தன் வழக்கமான பேச்சைத் தொடங்குவார். ஊரில் ஆசிரியையாக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். ஐம்பது வயதிலும் நான் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். மண்டபத்தின் ஒரு சுவர் முழுவதும், போரில் இறந்த எங்கள் வழிப் பெண்களின் படங்கள் மாலையோடு இருந்தன. ரீச்சருக்கு அந்தச் சுவர்தான் உயிர்.

சங்கம் செய்கிற நல்ல காரியங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் கிடக்கும் வருத்தக்காரரைப் பார்க்கப் போவோம். செத்த வீட்டுக்குச் சமைத்துக் கொடுப்போம். இறந்த பெண்ணுக்குச் சேலை உடுத்திவிட ஆளில்லை என்று தெரிந்தால் ஓடிப்போவோம். மரண அறிவித்தல் எழுதுவது என் பங்கு. பகலில் பள்ளிக்கூடமொன்றின் சமையற்கட்டில் வேலை செய்கிறவளுக்கு அந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டால், தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அறிவித்தலுக்கு ஒரு முறை இருக்கிறது. மேலே படம். அதன் கீழே அவர் எங்கே பிறந்தார், எங்கே வசித்தார், யாருடைய மகள், யாருடைய மனைவி, யார் யாருடைய தாய் என்று வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இப்போது இருக்கும் இடம்: பிரான்ஸ், கனடா, லண்டன். முன்னமே இறந்துபோன உறவென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். அச்சடித்துக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டுவோம். மரக்கறி வாங்க வந்த சனம் பையைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வரிவரை நின்று வாசிக்கும்.

நான் சொல்ல வந்தது மாமியைப் பற்றி. எனக்குச் சொந்தமில்லை, வயதுக்கு மரியாதையாக மாமி. எங்கள் ஊரில் பிறந்து, கலியாணம் கட்டி, பிறகு போர் மூண்ட வன்னிக்குப் போய், அந்தப் போரில் கணவரை அங்கேயே புதைத்துவிட்டு, பிறகு மகனிடம் பிரான்சுக்கு வந்தவர். ஸ்தேன் என்ற புறநகரில் மகனோடு இருந்தார். மகளும் ஒருத்தி இருந்தாள். போர் முடிந்த நாட்களில், சனம் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தபோது, ஆமிக்காரர் அவளை மட்டும் பிரித்து ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். மாமி அதைக் கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ரீச்சருக்கு அந்த மகளின் படம் சுவருக்கு வேண்டும். ஒவ்வொரு வருடமும் கேட்பார். உங்கள் பிள்ளை எங்கள் வழிக்கே பெருமை, நீங்கள் வீரத்தாய், மேடையில் ஏற்றிப் பொன்னாடை போடுவோம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். மாமி அசையவில்லை. சத்தம் போட்டுப் பேசுகிற மனுசியும் இல்லை. ஒருமுறை மட்டும் ரீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை வந்து தன்ரை படத்துக்கு மாலை கிடக்கிறதைப் பாத்தால் என்ன நினைப்பாள்?"

அதன்பிறகு ரீச்சர் மாமியோடு அளந்து பேசத் தொடங்கினார். மற்றப் பெண்களும் அப்படியே. இறந்த பிள்ளையின் தாய்க்கு எங்கள் சங்கத்தில் முன் வரிசையில் கதிரை உண்டு. காணாமல் போன பிள்ளையின் தாயை எங்கே இருத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அது அப்போதே எரிச்சலாக இருந்தது.

பிறகு மாமிக்குப் புற்றுநோய் வந்தது. டொக்டர்மார் இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லிவிட்ட கிழமையில், நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். தன்னுடைய அறிவித்தலை இப்போதே எழுதிக் காட்டச் சொன்னார். என்ன விசர்க் கதை என்று ஏசினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஃபோனை எடுத்து எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டினேன். பிறந்த ஊர் சரி. காலஞ்சென்ற கணவர் சரி. மகன், அடைப்புக்குறிக்குள் பிரான்ஸ். அடுத்தது மகள். அங்கே நிறுத்தினேன்.

"அவளின்ரை பேருக்கு முன்னாலை ஒண்டும் போடாதை," என்றார்.

அப்படியென்றால் அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது? கேட்கத்தான் வேண்டியிருந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"வன்னி எண்டு போடு. அங்கைதானே விட்டிட்டு வந்தனான்."

அவர் அழவில்லை. நான் வெளியே வந்து, தாதிமார் பார்க்கப் பார்க்க அழுதேன்.

மாமி அடுத்த மாதமே போய்விட்டார். சங்கத்துப் பெண்கள் போய்ச் சேலை உடுத்திவிட்டோம். அன்று பின்னேரம் மகன் வேலை செய்கிற ரெஸ்ரோறன்றிலிருந்து நேரே, நான் காத்திருந்த தேத்தண்ணிக் கடைக்கு வந்தான். உடுப்பில் இன்னும் பொரித்த எண்ணெய் மணந்தது. தாய் சொல்லி எழுதியதை ஃபோனில் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தான். பிறகு, தங்கச்சியின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடச் சொன்னான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தாயின் கடைசிச் சொல்லை மாற்ற நீ யார் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் அம்மா அவள்தான் என்று எழுந்து ஓடினதையும், வீடு மாறினால் அவளுக்கு இடம் தெரியாது என்று ஈரம் ஊறும் ஸ்தேன் வீட்டை விட்டு வர மறுத்ததையும், பொங்கலுக்கு வாங்கிய சட்டைகளில் எப்போதும் அவளுக்கென்று ஒன்று கூடுதலாக இருந்ததையும் சொன்னான். அம்மாவோடு இது முடியட்டும் என்றான். நான் விடவில்லை. அப்போதுதான் தலையைக் குனிந்தபடி சொன்னான்:

"செத்தவளுக்கு அழலாம் அக்கா. இவளுக்கு அழவும் ஏலாமல் கிடக்கு."

குடும்பத்தில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். வன்னி என்று இருந்த அடைப்புக்குறியையும் எடுக்க வேண்டியதாயிற்று, இறந்தவர்களுக்கு இடம் போடுவதில்லை. மறுநாள் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா சப்பல் வரையும் கடைக் கடையாக ஒட்டினோம். சனம் நின்று வாசித்தது. பாவம், மகளும் இல்லையாம் என்று ஒரு பெண் பக்கத்தில் நின்றவளுக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

மாமியின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டைச் சங்கத்து மண்டபத்தில் வைத்தோம். மகன் சோற்றுச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே வந்தவன் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். புதிதாக ஒரு படம் இருந்தது. ஊர்ச் சொந்தம் யாரோ வைத்திருந்த பழைய குடும்பப் படமொன்றிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு அவனுடைய தங்கச்சி. மாலை போட்டு, முன்னால் விளக்கும் கொளுத்தியிருந்தார்கள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

யாரைக் கேட்டு மாட்டினீர்கள் என்றான். ரீச்சர் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"நீங்கள்தானே தம்பி அறிவித்தலிலை போட்டனீங்கள். இனி அவ எங்கடை எல்லாருக்கும் பிள்ளை."

ரீச்சரின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. உயிரோடு இருக்கக்கூடிய ஒருத்திக்காக இந்த மனுசி காணாமல் போனவர்களைப் பதிகிற எந்தக் கந்தோர்ப் படியும் ஏறியதில்லை. மாமி தன் பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை கந்தோர்களுக்குப் போனார் என்று எனக்குத் தெரியும், சிலவற்றுக்கு நானும் மொழிபெயர்க்கக் கூடப் போனேன். அந்த இடத்திலேயே ரீச்சருக்கு அதைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்தரம் கையைக் கட்டாமல் சொன்னேன்.

மகன் அதொன்றையும் கேட்கவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படத்துக்குக் கிட்டப் போய் நின்றான். மாலையைக் கழற்றப் போகிறான் என்று நினைத்தேன். கையைத் தூக்கிவிட்டு, தொடாமலே இறக்கினான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"அம்மாவும் போயிட்டா. நானும் செத்திட்டாள் எண்டு எழுதிக் குடுத்திட்டன். இனி ஆர் அக்கா அவளைத் தேடுறது?"