சாக்கெட் சரியாகத்தான் இருந்தது

1. இரண்டாவது முதல் நாள்

நாற்பத்தைந்து வயதில் எனக்கு மறுபடியும் ஒரு முதல் நாள் வந்தது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் செயற்கைக் கால் சென்டர். எனக்கு மேலதிகாரி ஷைலஜா மேடம், என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். ஒரு வெள்ளைக் கோட்டைக் கையில் கொடுத்து, "மொத்லு சாக்ஸ் தெகீரி. ஆமேலே சாக்கெட் நோடி," என்று கன்னடத்தில் சொன்னார். முதலில் சாக்ஸைக் கழற்றுங்கள், அப்புறம் சாக்கெட்டைப் பாருங்கள். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகு மிச்சம் இருக்கும் பகுதிக்கு ஸ்டம்ப் என்று பெயர். அது இறங்கி உட்காருகிற கிண்ணம் சாக்கெட். அதற்குக் கீழே பைப், பைப்புக்குக் கீழே பாதம். ஸ்டம்புக்கு ஒரு பருத்தி சாக்ஸ் போட்டுத்தான் உள்ளே இறக்க வேண்டும். பைப்பும் பாதமும் ரெடிமேடாக வரும். சாக்கெட்டை மட்டும் ஆளுக்கு ஆள் மாவுக்கட்டில் அச்சு எடுத்துச் செய்வோம். ஒருவருடையது இன்னொருவருக்குச் சேராது.

2. பீன்யாவில் இருபத்திரண்டு வருஷம்

அதற்கு முன்னால் நான் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடியதும் அங்கிருந்த பல பிள்ளைகளைப் போல நானும் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். புஷ் என்கிற சின்னப் பித்தளை வளையத்தை ட்ரேயிலிருந்து எடுக்க வேண்டும், வெர்னியர் அளவுகோலில் பிடிக்க வேண்டும், டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கஸ்டமர் புகார் சொன்னால் மறுபடி அளப்பேன். அளவு சரியாக இருந்தால், "டிராயிங்குக்குச் சரியா இருக்கு சார், தப்பு உங்க பக்கம்," என்று ஃபோனை வைத்துவிடுவேன். அநேகமாக நான் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த புஷ் எந்த மெஷினுக்குப் போகிறது, யாருக்கு உபயோகப்படுகிறது என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

கூட வேலை செய்த ஒருவருக்கு பைக் விபத்தில் கால் போனது. அவருக்குத் துணையாக இந்த சென்டருக்கு வந்தேன். புதுக் காலை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்தபடி பத்தடி நடந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் செய்யாத காலுக்கே இப்படி என்றால், என் கையால் ஒன்று செய்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு ஆசை பிடித்தது.

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லா ஒப்பவில்லை.

"இந்த வயசுல போயி சின்னப் பொண்ணுகிட்ட கைகட்டி நின்னு தொழில் கத்துக்கப் போறியா? இன்னா ஆச்சி உனக்கு?"

"மனசுக்கு நிம்மதியே இல்ல ஸ்டெல்லா."

"எனக்கு மட்டும் கொட்டிக் கெடக்குதா? செரி, போ. ஆனா நாளைக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு என் எதுர்ல ஒக்காராத."

3. செல்வியக்கா

ஒரு வருஷம் மேடத்திடம் கற்றேன். மற்ற டெக்னீஷியன்கள் கையால் தடவிப் பார்த்தே சாக்கெட்டைத் தேய்ப்பார்கள். நான் வெர்னியர் வைத்துக்கொண்டேன். மேடம் பார்த்துவிட்டுச் சிரிப்பார். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

முழுக்க முழுக்க நானே செய்த முதல் கால் செல்வியக்காவுக்கு. ஆஸ்டின் டவுனில் இருந்தார். நர்சரி ஸ்கூலில் ஆயா. சர்க்கரை நோயில் விரலில் ஆரம்பித்த புண், முழங்காலுக்குக் கீழே வரை எடுக்க வைத்துவிட்டது. நானும் கோலார்க்காரன் என்று தெரிந்ததும், "எங்கூட்டுக்காரரும் அந்தப் பக்கந்தான் தம்பி," என்று சார் போட்டுப் பேசுவதை விட்டுவிட்டார்.

"ஜூனுக்குள்ள நின்னுடுவனா தம்பி? அதுவரைக்குந்தான் எனக்கு எடம் வெச்சிருக்காங்க. அப்பறம் வேற ஆயா போட்டுடுவாங்க. பகல்ல எனக்கு அந்தப் புள்ளைங்கள வுட்டா யாரு கீறாங்க?"

"நிப்பீங்கக்கா. புள்ளைங்க பின்னாடி ஓடவே ஓடுவீங்க."

நின்றார். ஜூனில் வேலைக்கும் போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது, "புள்ளைங்க பென்சில வெச்சி டொக்கு டொக்குன்னு தட்டிப் பாக்குதுங்க தம்பி. ஒண்ணு கேக்குது, ஆயா, உள்ள யார்னா கீறாங்களான்னு," என்று சொல்லிச் சிரித்தார். அதை ஸ்டெல்லாவிடம் சொல்லி நானும் சிரித்தேன். அந்த இரண்டு மாசம் நான் சந்தோஷமாக இருந்தேன். அப்படி நான் எப்போதும் இருந்ததில்லை. அதை மறைக்க மாட்டேன்.

4. ஒரு புதன்கிழமை

ஆகஸ்டில் செல்வியக்கா வந்தார். மேடம் தும்கூருக்கு கேம்ப் போயிருந்தார். வராண்டா முழுக்க ஆட்கள். அக்கா ஸ்கூலில் ஒரு மணி நேரம்தான் பர்மிஷன் வாங்கியிருந்தார்.

"சாயங்காலம் ஆனா உள்ள கதகதன்னு கீது தம்பி. கால் கொஞ்சம் கீழ எறங்கினா மாதிரி கீது."

"வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்ல."

காலைக் கழற்றினேன். சாக்ஸ் ஸ்டம்பின் மேலேயே இருந்தது. சாக்கெட்டை மட்டும் பெஞ்சுக்கு எடுத்துப் போனேன். அவர் காலில் அச்சு எடுத்துச் செய்த பழைய மோல்டைத் தேடி எடுத்து, வெர்னியர் பிடித்து, நாலு இடத்தில் அளந்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. எனக்கு அவ்வளவு திருப்தி.

"சாக்கெட் சரியாத்தான் இருக்குக்கா. புதுசுல்ல, பழகிடும்."

"நீங்க சொன்னா செரி," என்று மாட்டிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் அவருடைய கார்டில் ஓகே என்று எழுதி, பீன்யா பழக்கத்தில் பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன்.

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. புது ஸ்டம்ப் முதல் சில மாசங்களில் வற்றிக்கொண்டே போகும். வற்றினால் சாக்கெட்டுக்குள் தேவைக்கு மேல் இறங்கி, எலும்பு முனை அடியில் இடிக்கும். கூட ஒரு சாக்ஸ் போட வேண்டும், இல்லையென்றால் புதிதாக அச்சு எடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அங்கே உணர்ச்சி குறைவு, புண் வந்தாலும் வலிக்காது. எல்லாம் மேடம் சொல்லிக் கொடுத்ததுதான். பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு எழுதியிருப்பேன். அன்றைக்கு அந்த சாக்ஸை இழுத்துப் பார்த்திருந்தால் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஒரு கஸ்டமர் புகார் சொன்னார், நான் அளந்து பார்த்தேன், டிராயிங்குக்குச் சரியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் செய்ததையே செய்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

5. ஆஸ்பத்திரி

பத்து நாள் கழித்து செல்வியக்காவின் மகள் ஃபோன் செய்தாள். காய்ச்சல், ஸ்டம்பில் சீழ், அட்மிட் பண்ணியிருக்கிறார்கள். நானும் மேடமும் போய்ச் சேர்வதற்குள் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள்.

முழங்கால் இருந்தால் நடக்கிறவர்கள், அது போனால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் அந்த வயதில், அந்தச் சர்க்கரையில். இது எனக்குத் தெரியும். போர்வை சட்டென்று பள்ளமாக இறங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தப்பு என்னுதுக்கா," என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "இல்ல தம்பி. வூட்ல சாக்ஸ்ல ஈரமா ஒரு கறை பாத்தேன். நீங்க அப்பதான் செரியா கீதுன்னு சொன்னீங்களே, அதான் நான் பயப்படல. தொவைச்சி போட்டுக்கினேன்," என்றார்.

மேடம் எனக்கு முன்னால் படிக்கட்டில் இறங்கினார். அவர் கையில் அந்த கார்டு இருந்தது. கேட் பக்கம் வந்ததும், "சார், சாக்ஸ் தெகது நோடித்ரா?" என்று மட்டும் கேட்டார். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தீர்களா? இல்லை என்றேன்.

6. அதற்கப்புறம்

ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மேடம் வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டு, "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆறு பேர் வராங்க சார்," என்றார். பீன்யாவில் என் இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்தாயிற்று. தைரியத்தால் ஒன்றும் நான் இங்கே தங்கவில்லை, போக்கிடம் இல்லாமல்தான் தங்கினேன். ஸ்டெல்லா சொன்னபடியே அவள் எதிரில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்கூலில் வேறு ஆயா போட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் செல்வியக்காவின் மகள் ஒரு பையோடு வந்தாள். உள்ளே நான் செய்த கால், துடைத்துச் சுத்தமாக. "அம்மா குடுக்கச் சொன்னாங்கண்ணா. புதுசாவே கீதே, வேற யாருக்குன்னா ஆவும்னாங்க." சரிம்மா என்று வாங்கிக்கொண்டேன். பைப்பையும் பாதத்தையும் ஸ்டோரில் சேர்த்தேன். சாக்கெட் யாருக்கும் ஆகாது. அதைத் தூக்கிப் போடவும் முடியாமல் பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒருநாள் புத்தி கெட்டுப்போய் மறுபடி அளந்தும் பார்த்தேன். மோல்டுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

மனசுக்குப் பிடித்த வேலைக்கு மாறப்போகிறேன் என்று சில தம்பிகள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போ என்றும் வரவில்லை. பழைய வேலையின் பழக்கம் கையோடு கூடவே வரும், அது எப்போது தலைகாட்டும் என்று உனக்கே தெரியாது, அதை மட்டும் கவனி என்கிறேன். நான் கற்றது அவ்வளவுதான். அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை.

இப்போது யார் வந்தாலும் சாக்ஸைக் கழற்றச் சொல்கிறேன். "ஒண்ணும் இல்ல சார், நல்லாதான் இருக்கு," என்பார்கள். கழற்றுங்கள் என்பேன். டார்ச் அடித்துப் பார்ப்பேன், விரலால் சுற்றிலும் தொட்டுப் பார்ப்பேன். உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. ஆனாலும் கார்டை மேடத்திடம்தான் நீட்டுகிறேன். ஓகே என்று அவர்தான் எழுதுகிறார்.