கிணற்றுக்குப் போன செங்கல்

பம்மலில் ஒரு டேனரியின் குடோன் அக்தர் பாய் பொறுப்பில் இருந்தது. தோல் பதனிடும் மஞ்சள் உப்பு மூட்டை மூட்டையாக அங்கேதான் கிடக்கும். தண்ணீரில் கரைந்தால் அது விஷம். அதனால் ஐப்பசி பிறக்குமுன்பே செங்கல் அடுக்கி, பலகை போட்டு, மூட்டைகளை இடுப்புயரத்துக்கு ஏற்றிவிடுவார்.

இடையில் சில வருடங்கள் மழை பொய்த்தது. ஊர்க் கிணறுகளெல்லாம் வற்றியபோது, குடோனுக்கு இரண்டு தெரு தள்ளி, பள்ளத்திலிருந்த அவர் வீட்டுக் கிணறு மட்டும் சுரந்தது. தெருவே அதில்தான் குடித்தது.

"உங்க கெணறு இல்லன்னா லாரி பின்னாலதான் ஓடிகினு இருப்போம் பாய்" என்பாள் எதிர்வீட்டுத் தபீதாள். மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த பெருமையே அது ஒன்றுதான்.

2005 ஐப்பசியில் ஏரிகள் தளும்பின.

"என்னங்க, வெள்ளம் கெணத்துல பூந்துட்டா தெருவுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. செவத்த ஒசத்துங்க" என்றாள் மனைவி ஃபாயிசா.

அடைமழையில் செங்கல்லுக்கு எங்கே போவது? குடோனில் இருந்தது. அங்கே தண்ணீர் எட்டிப் பார்த்தே வருடக்கணக்காகிறது. மூட்டைகளைத் தரையோடு இறக்கிவிட்டு, அடியிலிருந்த செங்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கிணற்றுச் சுவர் மார்பளவு எழுந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இந்த மனிதர் நல்லதைத்தானே நினைத்தார்!

ஏரி உடைந்து தெரு இடுப்பளவு மூழ்கியது. வெள்ளம் சுவரைத் தாண்டவில்லை. சுவரேறி நின்று, கேட்டவர்க்கெல்லாம் இறைத்துக் கொடுத்தார் அக்தர். அன்று அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு காலையில் தபீதாள் சோற்றுப் பானையோடு வந்தாள்.

"பாய், சோறு இன்னா மஞ்சளா கீது? நான் ஒண்ணுமே போடலியே."

அந்த மஞ்சளை அக்தருக்குத் தெரியும். குடோனுக்கு ஓடினார். மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் சாக்குகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கரைந்த உப்பு வெள்ளத்தோடு பள்ளத்துக்கு இறங்கி, அவர் தெருவில் தேங்கி, மண்ணில் இறங்கி, சுவருக்கு அடிவழியாகக் கிணற்றில் ஊறிவிட்டது.

வீடு வீடாகப் போய் அவரே சொன்னார். கொட்டிவிடச் சொன்னார். குடித்ததை யார் கொட்டுவது?

அடுத்த மழைக்கு முன் அந்தச் சுவரை அவரே இடித்தார். செங்கல்லைச் சுமந்துபோய்ப் புது மூட்டைகளுக்கு அடியில் அடுக்கினார். திரும்பும் வழியில் காலிக் குடத்தோடு தபீதாள் லாரிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். பாய் என்று கூப்பிடவில்லை.