ஐஸில் வைத்தால் சாகும் ரத்தம்

1. நெகட்டிவ்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஒரு டாக்டரிடம் பாட்டில் கழுவப் போய், ஊசி குத்தக் கற்று, மைக்ராஸ்கோப் பார்க்கக் கற்று, எழுபத்தாறில் திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் சொந்தமாக லேப் போட்டேன். என் கைக்கு நரம்பு தப்பாது என்று ஊரில் பேர். பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்துதான். பட்டம் வாங்கிய பிள்ளைகள் இன்றைக்கு மூன்று இடத்தில் குத்திவிட்டு "வெயின் கிடைக்கல சார்" என்கிறார்கள். அதை விடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, தனியார் பஸ் முதலாளி ஒருவர் என் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் அவருடைய கண்டக்டர் தனபால். அடி அண்ணாமலைக்காரன், இருபத்தாறு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு கிழவன் போல நடந்து வந்தான்.

"இன்னா லேப்காரரே, ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? வாதம் இல்லன்னுதான அர்த்தம்?"

"ஆமாங்க" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கேட்டுக்கடா. காலைல மொத ட்ரிப்புக்கு வான்னா கட்டையாட்டம் வந்து நிக்கிறான். பதினோரு மணி ஆனா ஏணில ஏறி மூட்டை எறக்கறான். இது இன்னா சீக்குங்க, கடியாரம் பாத்து வருது?"

"படுத்தா ஜாஸ்தியாவுது மொதலாளி. நடந்தா கம்மியாவுது. நான் இன்னா பண்றது?" என்றான் தனபால்.

"ஊருக்கெல்லாம் படுத்தா கம்மியாவும், உனக்கு மட்டும் நடந்தா கம்மியாவுமா? நடிக்கறதையாவது ஒழுங்கா நடி. மாசக் கடைசிக்குள்ள நோவுனு ஒரு பேப்பர் கொண்டா. இல்லன்னா பையைக் கழட்டி வெச்சிட்டுப் போயிடு."

அவர் கையில் சாட்சியாக இருந்தது என் கையெழுத்து. எனக்கு அது பொறுக்கவில்லை. தனபாலை எனக்குப் பழக்கமான எலும்பு டாக்டரம்மாவிடம் நானே அழைத்துப் போனேன். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். அவன் கை முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"எங்கப்பா நாப்பது வயசுலயே கூன் போட்டுட்டாருங்க. நிமிந்து பாத்ததே இல்ல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இது முதுகெலும்பை இறுக்கற வாதம். இதுல ஆர்.ஏ. சாதாரணமா நெகட்டிவாத்தான் வரும். எக்ஸ்ரேல இன்னும் தெளிவா தெரியல. வெள்ளணுமேல பரம்பரையா வர்ற ஒரு அடையாளம் இருக்கு, எச்.எல்.ஏ. பி27னு பேரு. அது இருந்தா நான் சொல்றதுக்கு பலம் சேரும். மெட்ராஸ்ல பாக்கறாங்க, அனுப்புங்க."

2. ஐஸ்

ஐஸ் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மரத்தூள், சாக்கு, அதற்குள் டப்பா, டப்பாவுக்குள் ட்யூப். மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோதும் பாதி ஐஸ் கரையாமல் இருந்ததாம். பெருமையாக இருந்தேன். நான்காம் நாள் கார்டு வந்தது: செல்கள் உயிரோடு இல்லை, மறுபடி அனுப்பவும்.

டிரங்க் கால் போட்டேன். அந்த லேப் அம்மா பொரிந்து தள்ளிவிட்டார். "இந்த டெஸ்டுக்கு வெள்ளணு உயிரோட வேணுங்க. மருந்து ஊத்தி, எது சாகுதுனு பாத்துதான் அடையாளம் கண்டுபிடிக்கிறோம். நீங்களே சாகடிச்சி அனுப்பினா நாங்க எதைப் பாக்கறது? ஐஸே கூடாது. வெயிலும் படக்கூடாது."

இரண்டாம் தடவை, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் போட்ட ட்யூப், சுற்றிப் பஞ்சு, வெறும் ஃபிளாஸ்க். தனபாலின் கூட்டாளி ஒருவன், மெட்ராஸ் ரூட்டில் கண்டக்டர், அவனிடம் கொடுத்தேன். ஐஸ் கூடாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. வெறும் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தால் வெறுமனே கொண்டுபோவான் என்று நினைத்தேன். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணா, அவசரத்துல ஐஸ் போட மறந்துட்டீங்க. நல்லவேளை, நான் தொறந்து பாத்தேன். செஞ்சில சோடாக் கடைல வாங்கி ரொப்பிட்டேன்."

அவனை என்னவென்று திட்டுவது? மீனுக்கு ஐஸ், பாலுக்கு ஐஸ், தடுப்பூசிக்கு ஐஸ். ரத்தத்துக்கு மட்டும் வேண்டாம் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லையே.

மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. தனபால் மூன்றாம் தடவை கையை நீட்டினான். "மூட்டைப்பூச்சி கூட இவ்ளோ குடிக்காதுண்ணா" என்றான். இந்த முறை என் ரத்தத்தையும் ஒரு ட்யூபில் எடுத்துக்கொண்டேன். இரண்டும் செத்தால் தப்பு பயணத்தில், ஒன்று மட்டும் செத்தால் தப்பு ட்யூபில். இதை எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித்தரவில்லை.

ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். உள்ளே என்ன என்று கேட்டவர்களிடம் ரத்தம் என்றேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் நான்கு பேர் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். ஒரு அம்மா இறங்கிப் போய் வாங்கியே வந்துவிட்டார்.

3. இரண்டு பேப்பர்

இரண்டு ட்யூபும் பிழைத்தன. இரண்டும் பி27 பாசிட்டிவ்.

தனபாலின் பேப்பரையும் டாக்டரம்மா கடிதத்தையும் முதலாளி இரண்டு தடவை படித்தார். "பரம்பரை நோவா? அப்ப காலம்பூரா இப்படித்தான் இருப்பான். இவனை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

நெகட்டிவ் என்றால் நடிப்பு, பாசிட்டிவ் என்றால் உதவாக்கரை. தனபால் தோளிலிருந்து பையைக் கழற்ற ஆரம்பித்தான்.

"இர்ரா" என்று அவனைத் தடுத்து, என் பேப்பரை மேசையில் போட்டேன். "இதையும் படிங்க."

"இது உங்க பேரு."

"ஆமாங்க, எனக்கும் பாசிட்டிவ்தான். எத்தினி வருஷமா என்னைப் பாக்கறீங்க?" அவர் எதிரிலேயே குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்துக் காட்டினேன். "இந்த அடையாளம் இருக்கறவனெல்லாம் நோயாளி இல்ல. டாக்டரம்மா நோவுனு எழுதினது அவன் முதுகைப் பாத்து. பேப்பர் அதுக்குத் தொணை, அவ்ளோதான். மருந்து குடுத்திருக்காங்க, தெனம் ஒடம்பை வளைக்கச் சொல்லியிருக்காங்க. ஒக்காந்தா இறுகுற ஒடம்பு, நடந்தா எளகுது. கண்டக்டருக்கு நடக்கறதுதான வேலை? மொத ட்ரிப்பை வேற ஆளுக்குக் குடுங்க. இவனுக்குப் பத்து மணி ட்ரிப்பு போதும்."

அவர் என் பேப்பரைத் திருப்பித் தள்ளினார். "இவ்ளோ பேசறீங்களே, அன்னிக்கு நெகட்டிவ்னு குடுத்துட்டு வாதம் இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

"தெரியாம சொல்லிட்டேன்" என்றேன்.

"பையை மாட்டுடா" என்றார் முதலாளி.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நெகட்டிவ் என்றால் ஒன்றும் இல்லைதானே என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்வது சுலபம், கூட்டமும் சீக்கிரம் கலையும். நான் அன்றைக்குப் பிறகு சொன்னதில்லை. "இந்த டெஸ்ட்ல இல்ல. நோவு இருக்குதான்னு டாக்டர் உங்களைப் பாத்துச் சொல்லுவாரு" என்றுதான் சொல்கிறேன். வாதாடுகிறவர்களுக்கு, பேப்பர் மட்டும் நோவைச் சொல்லாது என்று காட்ட, என் பாசிட்டிவ் பேப்பரை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.