முட்டை ஓடும் மொட்டைமாடி டிரம்மும்

திருப்பதியில் எங்களுக்கு வீடு கிடைத்ததே ஒரு பொய்யால்தான். அந்தப் பொய்யைச் சொன்னவர் நைனா, சொல்லவைத்தவள் அம்மா. அதைத் தினமும் வாளியில் வைத்துப் படியேற்றியவள் நான்.

விஜயபுரத்துப் பக்கம் எங்கள் ஊர். திருமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிற வேலை நைனாவுக்குக் கிடைத்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். எந்தத் தெருவில் வீடு கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கறி, மீன், முட்டை உண்டா? ஐந்து வீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்த நைனா, ஆறாவது வீட்டில் நெஞ்சில் கை வைத்து, "அதெல்லாம் தொட்டதே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த எனக்குப் பத்து வயது. காலையில் தின்ற கருவாடு வாயில் மணக்குமோ என்று பயந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். ஓனரம்மா என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு ரொம்ப அடக்கம்" என்றார்.

அவர்கள் கீழே, நாங்கள் முதல் மாடி, அதற்கு மேலே மொட்டைமாடி. தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வந்தது. என் பள்ளிக்கூடம் தெருக்கோடியில், அம்மா தைக்கப் போகும் கடை இரண்டு தெரு தள்ளி. "இந்த வீட்ட வுட்டா நமக்கு இன்னொண்ணு அமையாது. நீ மட்டும் வாயத் தொறந்துக்கினு எதனா உளறுனே, அவ்ளோதான்" என்று அம்மா என்னை எச்சரித்து வைத்திருந்தாள். ஓனரய்யா நெற்றி நிறைய நாமம் போட்டு, காலையில் இரண்டு மணி நேரம் பூஜை செய்வார். அவர் படியில் ஏறும் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்பில் இருப்பதை ஒருமுறை மூடித் திறப்பாள், அது வெறும் ரசமாக இருந்தாலும்.

ஆனால் நாக்கு ஒன்று இருக்கிறதே. கறியையும் மீனையும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டோம், முட்டையை விட முடியவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாமா, அம்மாவின் தம்பி, பைக்கில் ஊரிலிருந்து வருவார். அரிசிப் பைக்குள் புதைத்து நாட்டுக்கோழி முட்டை கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை சன்னலைச் சாத்திவிட்டு அம்மா அதை அவிப்பாள். அவித்த முட்டை மட்டும்தான், பொரித்தால் தெரு முழுக்கச் சொல்லிவிடும். ஓட்டைக் கறுப்புக் கவரில் கட்டி நைனாவிடம் கொடுத்துவிடுவாள், அவர் ரேணிகுண்டா பக்கம் சவாரி போகும்போது எங்கேயாவது வீசிவிடுவார்.

ஒருநாள் வீச மறந்துவிட்டார். வேன் நிறைய பக்தர்கள், எல்லோரும் கோவிந்தா போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அலிபிரி சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும்போதுதான் சீட்டுக்கு அடியில் கவர் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. மலைக்கு மேல் முட்டை போகக்கூடாது, ஓடு போகலாமா என்று யாரைக் கேட்பது? வயிற்றுவலி என்று சொல்லி வரிசையிலிருந்து வண்டியைத் திருப்பி, வெகுதூரம் வந்து வீசிவிட்டுப் போனாராம். "இனிமே என்னால ஆவாது. ஏழுமலையான்கிட்டயே என்ன மாட்டி வுட்டுடுவீங்க போலக்குது" என்று அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அதிலிருந்து ஓட்டுக் கவர் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, மாமா வரும்போது அவரோடு ஊருக்குத் திரும்பியது.

இந்தச் சமயத்தில்தான் டிரம் வந்தது. ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி என்று முனிசிபாலிட்டி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். கீழ்வீட்டு வாளியை ஓனரய்யாதான் கொண்டுபோய்க் கொடுப்பார், தன் கையால் கிளறிப் பிரித்து. அவர்கள் மகள் பிள்ளைத்தாச்சியாக வந்த மாதம், ஓனரம்மா திடீரென்று, "சமையல்கட்டுக் கழிவை வெளியே கொடுக்க வேண்டாம், மாடியில் எருவாக்கப் போகிறேன்" என்று நீல நிற டிரம் ஒன்று வாங்கினார். பக்கமெல்லாம் ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் நார் பரப்பி, புளித்த மோர் தெளித்தார். பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எங்க வீட்ல ஒரு கைப்பிடிதான் வருது. உங்க வீட்டுதும் இச்சேய்ங்க, குடுத்துடுங்க. கத்திரிக்காய்த் தோலு, வெங்காயத் தோலு, டீத்தூளு, எதுவானாலும் சரி" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மறுக்க என்ன காரணம் சொல்வது? தலையாட்டினாள். கதவைச் சாத்தியதும், "நம்ம வூட்டு எச்சிலக் கிளறிப் பாக்கறதுக்கு வழி பண்ணிட்டாங்கடி" என்றாள்.

பழைய பெயிண்ட் வாளி ஒன்று எங்கள் சமையல்கட்டில் குடியேறியது. அடியில் காகிதம், மேலே மூடி. அம்மா தோலை அரிந்து போடப் போட, நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். ஒரு கறிவேப்பிலைக் காம்பு மீன்முள் மாதிரித் தெரிந்தால்கூட எடுத்துவிடுவேன். ஊரிலிருந்து வந்த மறுநாள் எங்கள் உடையிலிருந்தே ஏதாவது உதிர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் மேலே போய் வாளியை டிரம்மில் கொட்டி, ஒரு கை சருகு தூவிவிட்டு வர வேண்டும். அதற்குமேல் ஓனரம்மா யாரையும் விடவில்லை. "நான்தான் கிளறுவேன். டிரம்முல எவரும் கை வைக்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஓனரய்யா கோயிலுக்குக் கிளம்பியதும், கையில் குச்சியோடு மேலே போவார். மகளும் கூடவே போவாள். டாக்டரம்மா அவளுக்கு ரத்தம் பத்தவில்லை என்று சொல்லியிருந்தாள். மொட்டைமாடியில் இருந்த சின்ன அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூடிய கிண்ணத்திலிருந்து எதையோ முகத்தைச் சுளித்துக்கொண்டு அவள் விழுங்குவதை ஒருமுறை பார்த்தேன். மருந்து போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா விடிந்ததும் கடைக்குப் போய்விட்டாள், கல்யாண வீட்டுத் துணி அவசரமாம். போகும்போது, "வாளி ரொம்பிக்கினு கீது. கவர்லயும் கொஞ்சம் தோலு வெச்சிக்கிறேன், அதையும் சேத்துக் கொட்டிடு" என்றாள். பாதித் தூக்கத்தில் வாளியையும் ஒரு கவரையும் எடுத்தேன், போனேன், கொட்டினேன், சருகைத் தூவினேன், பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

மூன்றாவது பீரியடில் கணக்கு சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. சுரைக்காய்த் தோல் விழுந்தால் சத்தம் வராது. காலையில் வந்தது. சலசலவென்று, உலர்ந்த சத்தம். தோல் வைத்த கவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் எடுத்தது சிலிண்டருக்குப் பின்னாலிருந்து.

சார் எழுப்பிக் கேட்ட கேள்விக்கு என்ன சொன்னேனோ, வகுப்பே சிரித்தது. வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன், நைனாவுக்கு அலிபிரியில் பலித்தது எனக்குப் பலிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் காக்காய்க்குக் கொட்டிவிட்டேன். நாலே கால் மணிக்குத்தான் மணி அடிப்பார்கள், ஐந்துக்கு ஓனரம்மா குச்சியோடு வருவார். நடுவில் முக்கால் மணி நேரம். தெருவில் எங்கள் பாயும் பாத்திரமும் கிடப்பதையும், அதற்கு மேல் அம்மாவின் தையல் மிஷின் ஏறி உட்கார்ந்திருப்பதையும் அன்றைக்கு முழுவதும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மணி அடித்ததும் ஓடினேன். காலி டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை மாடிப்படியில் போட்டுவிட்டு டிரம்மைத் திறந்தேன். குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. சருகை விலக்கியதும் எங்களுடையது மேலேயே கிடந்தது. அம்மா முட்டையை நடுவில் தட்டி இரண்டாகப் பிளப்பாள், எல்லாம் கிண்ணி கிண்ணியாக அரை ஓடுகள். ஐந்து முட்டைக்குப் பத்து. பத்தையும் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டேன். அப்போதாவது மூடியிருக்கலாம். இன்னும் ஒரு துண்டு அடியில் போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் கையை உள்ளே விட்டேன்.

ஒரு துண்டு இல்லை. கறுத்த மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக, நொய் மாதிரி பொடித்த ஓடு. கை போகிற ஆழம் வரைக்கும் அதேதான். இது முதல் தடவை இல்லை, இத்தனை நாளாகத் தூக்கக் கலக்கத்தில் இதையேதான் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தேன். அழுதுகொண்டே அள்ளினேன். அள்ள அள்ள வந்தது.

"பாப்பா!"

ஓனரம்மா நின்றிருந்தார். ஒரு கையில் சின்ன கரண்ட் கெட்டில், இன்னொரு கையில் தட்டு போட்டு மூடிய கிண்ணம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. அடிக்கப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவரோ கெட்டிலையும் கிண்ணத்தையும் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எவரன்னா சூசினாரா?" என்றார் மெதுவாக. யாராவது பார்த்தார்களா என்று.

"இல்ல ஆண்ட்டி. சத்தியமா இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஆண்ட்டி."

"நானா?" என்று என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீயும் சொல்லக்கூடாது. எங்க வீட்டு மாமய்யாகிட்ட, உங்க அம்மாகிட்ட, எவர்கிட்டயும்" என்றார். தன் கையாலேயே சருகை அள்ளி அள்ளிப் போட்டு டிரம்மை மூடினார். பைப்படியில் என் கையைக் கழுவிவிட்டார். முந்தானையிலிருந்து ஒரு சப்போட்டா எடுத்துக் கொடுத்தார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். கூடவே பயமும் வந்தது. திட்டாத பெரியவர்களை எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டு நாள் பொறுத்தேன். ஓனரம்மா என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரல் வைத்துச் சிரிக்க முயல்வார், அது இன்னும் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா கத்தவில்லை. "பாத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டு, மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சாயங்காலம் நைனாவிடம், "இன்னிக்கி சும்மா கீறாங்க, நாளைக்கி அந்த ஓனரய்யாவுக்குத் தெரிஞ்சா தெருவுல நிக்க வெச்சிக் கேப்பாரு. அவங்க போன்னு சொல்லி நாம போறதா? நாமளே போயிடலாம்" என்றாள். நைனா ஏதோ சொல்லிப் பார்த்தார். அம்மாவின் மானத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை. ரேணிகுண்டா ரோட்டில் ஒரே அறை கொண்ட வீடு ஒன்று கிடைத்தது. அங்கே எதை வேண்டுமானாலும் தின்னலாம். தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ்.

இப்போது என் வீட்டு பால்கனியிலும் ஒரு டிரம் இருக்கிறது. எருவில் முட்டை ஓடு சேர்த்தால் செடிக்கு நல்லது என்று நானும் பொடித்துத்தான் போடுகிறேன். போன மாதம் அம்மிக்குழவியால் ஓட்டை நுணுக்கிக்கொண்டிருந்தபோது கை தானாக நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் எப்போதும் ஓட்டைப் பொடித்ததில்லை. பத்து ஓடுதான் எங்களுடையது. அதற்குக் கீழே கிடந்தது அத்தனையும் வேறு ஒருவர், கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று உட்கார்ந்து நுணுக்கியது. கணவர் கிளறும் வாளியில் போட முடியாததற்காக வாங்கிய டிரம் அது. கெட்டில், கிண்ணம், ரத்தமில்லாத மகள், எங்கள் வீட்டுத் தோலை வாசலில் வந்து கேட்டது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவரோ எங்களை முட்டையே தொடாதவர்கள் என்று நம்பியிருந்தார். என்றாவது மாட்டினால் எங்கள் மேல் போடலாம் என்றுதான் கேட்டாரோ என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஜில்லென்ற விரல்களை நினைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

வீடு காலி செய்த அன்று நைனாவின் வேனில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா ஊர்ப்பக்கம் வேலை என்று ஏதோ சொல்லிச் சாவியைக் கொடுத்தாள், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஓனரம்மா என்னை மட்டும் கேட் ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா பாப்பா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தலையாட்டினேன்.

"அம்மா ஏமி சொன்னா?"

"இந்த வூட்ல இனிமே இருக்கக்கூடாதுன்னு சொல்லிச்சி."

என் கையை விட்டுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். சொல்லாதே என்று சொல்லியும் சொல்லிவிட்டேன், அதுதான் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். வேன் தெருக்கோடி திரும்பியதும், கடைசிவரை ஓனரய்யாவிடம் மாட்டாமல் தப்பித்துவிட்டோம் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது.